எல்லாரும் சுத்தம், அவளைத் தவிர

சிசேரியன் ஆன பெண்ணின் தையலில் சீழ் வைத்தால் முதலில் விசாரிக்கப்படுபவள் அந்தப் பெண்தான். கத்தி பிடித்த கையையோ, கத்தியை வேகவைத்த ஆட்டோகிளேவையோ, தியேட்டரைத் துடைத்த துணியையோ யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேள்வியெல்லாம் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டு கூனி நிற்பவளுக்கு. குளித்தாயா? குளித்தேன் என்றால், தையலில் தண்ணீர் பட்டுவிட்டது, அதனால்தான். குளிக்கவில்லை என்றால், அழுக்குச் சேர்ந்துவிட்டது, அதனால்தான். கத்திரிக்காய் தின்றாயா? கருவாடு? பகலில் படுத்தாயா? படுக்காமல் வேலை செய்தாயா? எப்படிப் பதில் சொன்னாலும் தீர்ப்பு ஒன்றே. கொலை வழக்கில்கூடச் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்டு. பிரசவ வார்டில் அந்தச் சலுகை கிடையாது.

கேரளத்துப் பீர்மேட்டு மலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஏலப்பாறையில் இந்த விசாரணை மலையாளம், தமிழ் என இரண்டு மொழிகளில் நடக்கிறது. ஆஸ்பத்திரியில், “கொறச்சு வ்ருத்தி வேண்டே மோளே?” (கொஞ்சம் சுத்தம் வேண்டாமா மகளே?) தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்குத் திரும்பினால், “சுத்தபத்தமா இருந்திருந்தா இப்படிச் சீழ் வைக்குமாடி?” முல்லைப் பெரியாறில் தண்ணீர் 136 அடியா 142 அடியா என்று உச்ச நீதிமன்றம்வரை போய் முட்டிக்கொண்ட இரண்டு மாநிலங்கள், கொழுந்து கிள்ளும் தமிழச்சிக்குச் சுத்தம் போதாது என்பதில் மட்டும் எந்த நீதிமன்றத்துக்கும் போகாமலே ஒத்துப்போய்விட்டன. அதோடு ஒரு அறிவுரை: “உடுத்துற துணியை நல்லா வெயில்ல காயப்போடணும்.” ஜூலை மாதத்தில், பீர்மேட்டு மலையில், வெயிலில்! கேரளத்தில் மழை மிகுதியாகக் கொட்டும் இடங்களில் இது ஒன்று. ஜூனில் உள்ளே போகும் சூரியன் ஓணத்துக்குத்தான் எட்டிப் பார்க்கும். அதுவரை அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் புகையில்தான் துணி காய வேண்டும். அந்தத் துணியைச் சுற்றிக்கொண்டு அவள் சுத்தத்தில் தேர்ச்சி பெற வேண்டும்.

சரி, அவளுக்குச் சுத்தத்தைத் தர வேண்டியவர் யார்? 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அதைச் சுற்றிவளைக்காமல் சொல்லியிருந்தது. குடிதண்ணீர், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடியிருப்பு, மருத்துவம் எல்லாம் முதலாளியின் கடமை. எழுபது வருடத்துக்கு மேல் அந்தச் சட்டம் ஆரோக்கியமாக வாழ்ந்தது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் ஐக்கியமாகிவிட்டது. உயிரோடு இருந்த காலத்தில் அதை நேரில் கண்டவர்கள் லயங்களில் குறைவு. பீர்மேடு டீ கம்பெனி 2000இல் சீந்தலாறு, லோன்ட்ரீ தோட்டங்களை அப்படியே போட்டுவிட்டுப் போனது. தேயிலைக்கு முதலாளி தேவைப்படவில்லை, அது பாட்டுக்குத் துளிர்த்தது. தொழிலாளர்கள் செடிகளைப் பங்குபோட்டு, கொழுந்து கிள்ளி விற்று, வயிறு கழுவினார்கள். துளிர்க்காமல் போனவை கூரையும் கழிப்பறையும் மருந்தும். 2020 ஆகஸ்டில் மூணாறு பெட்டிமுடியில் லயங்களோடு சேர்ந்து எழுபது பேர் மண்ணுக்குள் போனபோது, லயம் என்றால் என்னவென்று ஆட்சியாளர்கள் எல்லாருக்கும் கொஞ்சநாள் தெரிந்திருந்தது. பிறகு மறந்துவிட்டது.

இந்த லயத்துக்குத்தான் அடுக்கடுக்காக அறுத்துத் தைத்த வயிறு நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ திரும்பி வருகிறது. எங்கிருந்து? சிக்கலான பிரசவம் என்றால் மலையிறங்கி எழுபது கிலோமீட்டருக்கு மேல் கோட்டயம் போக வேண்டும். இல்லாவிட்டால் குமுளி வழியாகக் கம்பம் இறங்கித் தேனி கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி. போகும்போது வலியோடு வளைவுகள், வரும்போது தையலோடு அதே வளைவுகள். அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி பிரசவம் இலவசம், சிசேரியன் இலவசம், மருந்து இலவசம், சிசேரியன் ஆனவளுக்கு ஏழு நாள்வரை சாப்பாடும் இலவசம். கேரளத்தில் தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுபோய் விட மாத்ருயானம் என்று இலவச வண்டியும் உண்டு. கட்டில் தட்டுப்பாடு என்று வரும்போது ஏழு நாள் சாப்பாட்டைவிட இலவச வண்டிதான் முந்திக்கொள்ளும்.

இந்த இடத்தில் நம் கிருமிகளின் பண்பாட்டைப் பாராட்டியாக வேண்டும். அறுவை நேரத்திலேயே காயத்துக்குள் குடியேறிவிட்டாலும், ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை பெரும்பாலும் அவை தலைகாட்டுவதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்து விழ வேண்டும். வண்டி மலையடிவாரத்து முப்பத்தைந்தாம் மைல் தாண்டி மலையேற வேண்டும். பிள்ளைக்கு என்ன பேர் வைப்பது என்று பேச்செடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தையலைச் சுற்றிச் சிவப்பு, அப்புறம் சூடு, அப்புறம் நீர்க்கசிவு, அப்புறம் சீழ். ஒருநாள் காலையில் பிள்ளையைத் தூக்கக் குனியும்போது தையல் விட்டுப்போகும்.

மருத்துவ இலக்கணம் இதில் தெளிவாக இருக்கிறது. அறுவை நடந்து 30 நாளுக்குள் அந்தக் காயத்தில் வரும் தொற்று அறுவைக் காயத் தொற்றுதான். சீழ் எந்த வீட்டில், எந்தப் பாயில் கட்டினாலும் சரி. கிருமி பெரும்பாலும் கத்தி பட்ட நேரத்திலேயே உள்ளே போயிருக்கும். அவள் தோலிலிருந்து போயிருக்கலாம், பிறப்புப் பாதையிலிருந்து போயிருக்கலாம், அறுத்தவர் கையிலிருந்தோ கருவியிலிருந்தோ போயிருக்கலாம். ‘பார்த்தாயா, அவள் தோலிலிருந்துதானே?’ என்று குதிக்க வேண்டாம். தோல் அவளுடையதுதான். மேசையில் மல்லாத்திப் போட்டபின் அதைக் கிருமி நீக்கித் துடைக்கும் பொறுப்பு யாருடையது? அவளுடைய மாமியாருடையதா?

இலக்கணம் 30 நாள் என்கிறது. பதிவேடு டிஸ்சார்ஜ் நாளிலேயே கண்ணை மூடிக்கொள்கிறது. ஆகவே பதிவேட்டின்படி எல்லாம் நலம். இங்கிலாந்தில் 2009இல் 14 மருத்துவமனைகளில் சிசேரியன் ஆன சுமார் 4,100 பெண்களை வீடுவரை பின்தொடர்ந்து விசாரித்தார்கள். 9.6 விழுக்காட்டினருக்குக் காயத் தொற்று, ஏறத்தாழ பத்தில் ஒருத்தி. குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும் நாட்டில்! அந்த வெள்ளைக்காரிகளும் ரகசியமாகக் கருவாடு தின்றிருப்பார்களோ என்னவோ. ஆப்பிரிக்காவில் சிசேரியன் ஆகும் பெண்களில் 20 விழுக்காடுவரை இந்தத் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, எண்ணிப் பார்த்த இடத்திலெல்லாம் எண் வருகிறது. எண்ணாத இடத்தில் மட்டும் சுத்தம் வருகிறது.

இந்திய அரசு 2017இல் லக்ஷ்யா என்றொரு திட்டம் கொண்டுவந்தது. பிரசவ அறையின் தரத்தையும் பிரசவ அறுவை அரங்கின் தரத்தையும் உயர்த்தி, காயத் தொற்றை 5 விழுக்காட்டுக்குள் கொண்டுவருவது அதன் குறிகளில் ஒன்று. நல்ல குறி. அதை எட்ட இரண்டு வழிகள் இருக்கின்றன. தொற்றைக் குறைப்பது ஒன்று, எண்ணாமல் விடுவது மற்றொன்று. இரண்டாவது வழிக்குச் சோப்புச் செலவுகூடக் கிடையாது.

வீட்டுக்கு வந்தவளின் வயிற்றைப் பார்க்க ஆளே இல்லையா? இருக்கிறாள். ஆஷா என்று பேர், ஊர்ச் சுகாதாரப் பணியாளர். பிள்ளை பிறந்த வீட்டுக்கு 42ஆம் நாள்வரை பலமுறை போய்ப் பார்ப்பது அவள் வேலை, சிசேரியன் ஆன வீட்டுக்கு ஏழாம் நாளிலிருந்து. தையல் பழுக்கும் நாளும் கிட்டத்தட்ட அதுதான். இதைவிடப் பொருத்தமாக ஒரு ஏற்பாட்டைக் கடவுளே வந்தாலும் செய்ய முடியாது. அந்த ஆஷாக்கள் 2025இல் எங்கே இருந்தார்கள்? பிப்ரவரி 10 தொடங்கி மாதக்கணக்கில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் வாசலில், வெயிலிலும் மழையிலும். மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்குங்கள் என்று கேட்டார்கள், பட்டினி கிடந்தார்கள், தலையை மழித்துக்கொண்டார்கள். நவம்பர் பிறக்கும்போது அரசு மனமிரங்கி 1,000 ரூபாய் கூட்டியது. ஒரு மாநிலத்தின் பிரசவக் காயங்களையெல்லாம் கண்காணிக்கும் வேலைக்கு நாம் கட்டிய விலை அது.

தியேட்டருக்குள் போவோம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறுவைக் காயத் தொற்றைத் தடுக்க உலகத்துக்கே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் அதில் இல்லை. அறுவைக்கு முன் நோயாளி சோப்புப் போட்டுக் குளிக்கட்டும். முடியை ரேசரால் மழிக்காதீர்கள், தேவையென்றால் கிளிப்பரால் வெட்டுங்கள். ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடையுங்கள். ஆன்டிபயாடிக் ஊசியைக் கத்தி வைப்பதற்கு முந்தைய 120 நிமிடத்துக்குள் போடுங்கள், தடுப்புக்கென்று அதை அறுவைக்குப் பின்னும் நீட்டிக்கொண்டே போகாதீர்கள். கையைக் கழுவுங்கள். இவ்வளவுதான்.

நம் ஊர்களில் பல இடங்களில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். “வெளியில போயி ஒரு பிளேடு வாங்கிட்டு வாங்க” என்று புருஷனை அனுப்புவார்கள். அந்த பிளேடு தோலில் போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஒவ்வொன்றும் கிருமிக்குத் திறந்துவைத்த வாசல். வெட்டுவதற்கு முன் போட வேண்டிய ஊசி வெட்டிய பிறகு நினைவுக்கு வரும். அதற்குப் பரிகாரமாக ஒரு காகித உறையில் ஏழு நாளைக்கு மாத்திரை. ‘ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி விழுங்காதீர்கள்’ என்று அதே ஆஸ்பத்திரியின் சுவரில் சுவரொட்டி. கேரள அரசு 2024இல் ஆபரேஷன் அம்ருத் என்று பேர் வைத்து, சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் மருந்துக் கடைகளைத் தேடிப் பிடித்தது. பிடிக்கட்டும், அது நல்ல காரியம். ஆனால் சீட்டோடு நடக்கும் விளையாட்டைப் பிடிக்க எந்த ஆபரேஷனுக்குப் பேர் வைப்பது?

நர்சைத் திட்டிவிட்டுத் தப்பிக்கலாம் என்று பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உலகம் முழுவதற்கும் நர்சுகளை அனுப்பிவைக்கும் மாநிலம் இது. லண்டனிலும் ரியாத்திலும் அவர்கள் கை கழுவுகிறார்கள். அங்கே கழுவும் அதே கை இங்கே கழுவாமல் போகிறதென்றால் கோளாறு கையில் இல்லை. ராத்திரி ஷிப்டில் ஒரு வார்டு முழுவதையும் ஒருத்தி தலையில் கட்டி, ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கை சுத்தம் செய் என்று சுவரில் படமும் ஒட்டினால், அவள் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். கை கழுவலாம், அல்லது நோயாளியைப் பார்க்கலாம்.

இந்தக் கைகழுவும் புராணம் புதிதல்ல. ஏலப்பாறை மலையில் ஒரு தேயிலைத் தோட்டம்கூட இல்லாத காலம். 1847, வியன்னா பொது மருத்துவமனை. அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும், மற்றொன்றில் மருத்துவச்சிகள். டாக்டர்கள் பார்த்த பிரிவில் தாய்மார்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள், 1846இல் நூற்றுக்குப் பதினொரு பேர். மருத்துவச்சிகள் பிரிவில் மூன்றுக்கும் கீழே. அங்கேயும் ஒரு விசாரணைக் குழு போட்டார்கள், வெளிநாட்டு மாணவர்கள் முரட்டுத்தனமாகச் சோதிப்பதுதான் காரணம் என்று அது கண்டுபிடித்தது. காற்று சரியில்லை என்றார்கள் சிலர். பெண்களின் பயம் என்றார்கள் சிலர். செம்மல்வெய்ஸ் என்ற இளம் டாக்டர் மட்டும் பிணவறையைப் பார்த்தார். பிணத்தை அறுத்த கையோடு மாணவர்கள் நேராகப் பிரசவ மேசைக்கு வருவதைப் பார்த்தார். குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள் என்றார். மறுவருடம் சாவு நூற்றுக்கு ஒன்றேகால் ஆனது. பரிசாக அவருக்கு என்ன கிடைத்தது? பதவி நீட்டிப்பு மறுக்கப்பட்டது. 1865இல் மனநல விடுதி ஒன்றில், காயம் அழுகிச் செத்தார்.

நாம் அவ்வளவு கொடியவர்கள் அல்ல. உண்மையைச் சொல்லும் டாக்டருக்கு நோட்டீஸ் மட்டும்தான் கொடுப்போம். 2025 ஜூனில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் சிறுநீரியல் (யூராலஜி) துறைத் தலைவர் ஹாரிஸ், கருவிகள் இல்லாமல் அறுவைகளைத் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது என்று வெளிப்படையாக எழுதினார். கருவிகள் வந்தன, அவற்றின் பின்னாலேயே விளக்கம் கேட்டு நோட்டீஸும் வந்தது.

குழு போடுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. 2017 நவம்பரில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியின் தாய்சேய் மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்கு மூன்றாவது சிசேரியன். ஐந்து வருடம் வயிற்று வலியோடு அலைந்தாள். 2022இல் ஸ்கேன் எடுத்தால் வயிற்றுக்குள் அறுவை இடுக்கி. அந்த இடுக்கி எந்த ஆஸ்பத்திரியைச் சேர்ந்தது என்பதைச் சொல்ல முடியாது என்றது 2023இல் மருத்துவ வாரியம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத இடுக்கி! மூன்றாம் பிரசவத்துக்கு முன்பு, அதே 2017இல் எடுத்த ஸ்கேனில் அது இல்லையே என்று போலீஸ் சுட்டிக்காட்டியது. அமைச்சரவை கொடுத்த 2 லட்சம் ரூபாய் போதாது, நீதி வேண்டும் என்று அவள் நூறு நாளுக்கு மேல் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தாள். கருவியை எண்ணி எடுத்து எண்ணி வைக்கத் தெரியாத இடத்தில், கண்ணுக்குத் தெரியாத கிருமியை யார் எண்ணப்போகிறார்கள்?

2024 நவம்பரில் கர்நாடகத்தின் பல்லாரி மாவட்ட மருத்துவமனையில் சிசேரியன் ஆன பெண்கள் அடுத்தடுத்துச் செத்தார்கள், மொத்தம் ஐந்து தாய்மார்கள். விரல் மேற்கு வங்கக் கம்பெனி ஒன்றின் ரிங்கர் லாக்டேட் என்ற சொட்டுத் திரவ பாட்டிலை நோக்கி நீண்டது. அந்தக் கம்பெனியின் சரக்கில் சில தொகுதிகள் தரமில்லை என்று மாநில ஆய்வகம் முன்பே சொல்லியிருந்தது, மத்திய ஆய்வகம் தரமானது என்றது. இரண்டு மாதம் கழித்து மேதினிபூர் மருத்துவக் கல்லூரியில் சிசேரியனுக்குப் பின் இன்னொரு தாய் செத்தாள், அங்கேயும் பேச்சு அதே கம்பெனியின் பாட்டிலைப் பற்றித்தான். 12 டாக்டர்களைச் சஸ்பெண்ட் செய்தார்கள். பாட்டில்களுக்கு மாநில எல்லை கிடையாது, கறுப்புப் பட்டியலுக்கு மட்டும் உண்டு. 2025 நவம்பரில் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையில் பிரசவமாகி வீடு திரும்பிய இளம்பெண் ஒருத்தி காய்ச்சலோடு திரும்ப வந்து, கிருமித் தொற்றில் இறந்தாள். தொற்று எங்களிடமிருந்து வந்ததல்ல என்றது மருத்துவமனை. குழு போடப்பட்டது.

இதற்கிடையே நம் பெருமைகளுக்குக் குறைவில்லை. 2018–20 கணக்கில் கேரளத்தின் பேறுகால மரண விகிதம் லட்சம் பிறப்புக்கு 19, நாட்டிலேயே குறைவு. மெய்யான சாதனை, கைதட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த எண்ணுக்குள் நுழைய ஒரே டிக்கெட் சாவு. சாகாதவள் அதில் வரமாட்டாள். தையல் பிரிந்து, தினம் பஞ்சு திணித்துக் கட்டி, பழுத்த புண் ஆறக் காத்திருந்து மறுபடி தைத்து, கூனிக்கொண்டே பால் கொடுப்பவள் வரமாட்டாள். அவளுக்குத் துணை நின்று புருஷன் இழந்த கூலி வராது. கம்மல் அடகுக் கடைக்குப் போனது வராது. கேரளத்தில் 2019–21இல் பிரசவங்களில் 38.9 விழுக்காடு சிசேரியன், தமிழ்நாட்டில் 44.9. பத்துப் பேரில் நாலு பேரின் வயிற்றை அறுக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டோம். அறுத்த வயிறு என்ன ஆனது என்று திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இன்னும் வளரவில்லை.

பார்ப்பதற்குப் பெரிய செலவும் இல்லை. சிசேரியன் ஆன ஒவ்வொருத்தியின் போன் நம்பரும் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. பத்தாம் நாள் ஒருமுறை, முப்பதாம் நாள் ஒருமுறை கூப்பிட்டுக் கேட்கலாம்: தையல் எப்படி இருக்கு, காய்ச்சல் இருக்கா, நீர் கசியுதா? ஏலப்பாறைக்குக் கூப்பிடும்போது தமிழிலேயே கேட்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. ஆஷா பிள்ளையை நிறுக்கும்போது தாயின் சேலையைக் கொஞ்சம் விலக்கிப் பார்க்கலாம், அதற்குரிய கூலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு. தினமும் கட்டுப்போட ஒருத்தி மலையிறங்கிச் சாகாமல், லயத்துக்குப் பக்கத்திலேயே அதற்கு வசதி செய்யலாம். பழுத்த புண்ணிலிருந்து மாதிரி எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்து மருந்து கொடுக்கலாம். ரேசரைத் தூக்கிக் குப்பையில் போடலாம்.

ஆஸ்பத்திரி நுழைவாயிலில் கண்காணிப்பாளர் பேர் எழுதிய பலகை இருக்கிறது, திறந்துவைத்த அமைச்சர் பேர் பொறித்த கல்வெட்டு இருக்கிறது, சுத்தத்துக்கு வாங்கிய காயகல்ப் விருதும் சில இடங்களில் இருக்கிறது. இவற்றுக்குப் பக்கத்தில் மாதாமாதம் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: போன மாதம் இங்கே சிசேரியன் ஆனவர்கள் இத்தனை பேர், 30 நாளுக்குள் தையல் பழுத்தவர்கள் இத்தனை பேர். எண் பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, பொய்யாக இருக்கக் கூடாது. அந்த எண்ணை எழுதத் தைரியம் வரும்வரை, கொழுந்துக்காரியிடம் குளித்தாயா என்று கேட்க உங்களில் ஒருவருக்கும் யோக்கியதை கிடையாது.